ஓப்பனிங் கோர்ஸ் வாங்குவதற்கு முன் லிசெஸ்ஸைத் திறந்து பாருங்கள்

கும்பகோணத்தில் என் வீட்டு மாடியில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போதுதான் காய் நகர்த்தக் கற்றவர்களும் வருகிறார்கள், மாவட்டப் போட்டிகளில் பரிசு வாங்குகிறவர்களும் வருகிறார்கள். பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது இரண்டே கேள்விதான். "மேடம், எந்த ஓப்பனிங் ஆடச் சொல்லலாம்?" "எந்த கோர்ஸ் வாங்கலாம்?" ஓப்பனிங் என்பது ஆட்டத்தைத் தொடங்கும் மூவ்களின் வரிசை, கோர்ஸ் அதைக் கற்றுத்தரும் பாடத் தொகுப்பு. முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை இரண்டாவது கேள்வியைத் தள்ளிவையுங்கள் என்பேன். முதல் கேள்விக்குப் பதில் தேட நான் நம்பிப் பயன்படுத்துவது லிசெஸ் என்ற இலவசத் தளம். புதிர், போட்டி, அரட்டை என்று அங்கே எல்லாம் உண்டு. வளர்ந்துவரும் ஆட்டக்காரருக்கு ஓப்பனிங் தேர்ந்தெடுக்க அது எப்படி உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. திபோ டுப்லெசி என்ற பிரெஞ்சு நிரலாளர் 2010இல் தொடங்கியது லிசெஸ். விளம்பரம் கிடையாது, கட்டண உறுப்பினர் திட்டமும் கிடையாது. நன்கொடையில் நடக்கிறது, நிரல் முழுவதும் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. நன்கொடை தருகிறவர்களுக்குப் பெயர் பக்கத்தில் ஒரு சிறகுச் சின்னம் வரும், அவ்வளவுதான். காசு கொடுத்தவருக்கு ஒரு வசதி, கொடுக்காதவருக்கு ஒரு வசதி என்ற பேதம் இல்லை. மகளுக்குப் புதுப் பலகை வாங்கவே யோசிக்கிற வீட்டிலிருந்து வரும் பிள்ளையும் கிராண்ட்மாஸ்டர் பார்க்கிற அதே திரையைத்தான் பார்க்கிறாள். ஒரு பயிற்சியாளராக எனக்கு இது பெரிய விஷயம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லிசெஸ்ஸில் ஆட்டங்களை அலசும் அனாலிசிஸ் போர்டைத் திறந்தால் ஓரத்தில் புத்தகச் சின்னம் ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் வருவதுதான் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர். பலகையில் எந்த நிலை இருக்கிறதோ, அந்த நிலையில் மற்றவர்கள் என்ன மூவ் ஆடினார்கள், எத்தனை ஆட்டங்களில் ஆடினார்கள், வெள்ளை எவ்வளவு வென்றது, டிரா எவ்வளவு, கருப்பு எவ்வளவு வென்றது என்று ஒவ்வொரு மூவுக்கும் ஒரு பட்டை காட்டும். மேலே மூன்று பிரிவுகள். முதலாவது மாஸ்டர்ஸ். 1952 முதல், உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 2200க்கு மேல் உள்ளவர்கள் நேரில் உட்கார்ந்து ஆடிய லட்சக்கணக்கான ஆட்டங்கள் இதில் உண்டு. இரண்டாவது லிசெஸ். அந்தத் தளத்திலேயே எல்லோரும் ஆடிய ஆட்டங்கள். மூன்றாவது, ஒரே ஆட்டக்காரரின் ஆட்டங்கள் மட்டும்.

பெற்றோரும், சில பயிற்சியாளர்களும்கூட, முதல் பிரிவோடு நின்றுவிடுகிறார்கள். பெரியவர்கள் ஆடுவதுதானே சரியாக இருக்கும் என்பது இயல்பான எண்ணம்தான். ஆனால் உங்கள் பிள்ளைக்கு ஓப்பனிங் தேட மிகவும் பயன்படுவது இரண்டாவதும் மூன்றாவதும்.

என்னிடம் வரும் ஒரு பையனின் அப்பா கருப்புக்கான சிசிலியன் நைடோர்ஃப் என்ற ஓப்பனிங்குக்கு ஒரு கோர்ஸ் வாங்கிக்கொடுத்திருந்தார். எங்கே வாங்கினார் என்பது இங்கே தேவையில்லை. கோர்ஸில் குறையும் இல்லை, நன்றாகச் செய்யப்பட்டதுதான். பையன் லிசெஸ்ஸின் ரேபிட் ஆட்டங்களில் 1200 ரேட்டிங் பக்கம் இருந்தான். (பலகையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர் உண்டு. காயின் பெயர் சொல்லாமல் கட்டத்தை மட்டும் சொன்னால் அது சிப்பாய் மூவ்.) ஈ4, சி5, குதிரை எஃப்3, டி6, டி4, வெட்டு, வெட்டு, குதிரை எஃப்6, குதிரை சி3, ஏ6 என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். ஏ6க்குப் பிறகு வெள்ளை பிஷப் ஜி5 வந்தால் என்ன, பிஷப் ஈ3 வந்தால் என்ன என்று பத்துப் பதினைந்து மூவ் ஆழம்வரை தெரியும். ஆனாலும் கருப்பில் தோற்றுக்கொண்டே இருந்தான்.

அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்து எக்ஸ்ப்ளோரரைத் திறந்தேன். ஈ4, சி5 வைத்துவிட்டு மாஸ்டர்ஸ் பிரிவைக் காட்டினேன். வெள்ளையின் இரண்டாவது மூவில் குதிரை எஃப்3தான் ஆட்சி செய்கிறது. பிஷப் சி4 எங்கோ கீழே கிடக்கிறது. பிறகு லிசெஸ் பிரிவுக்குப் போய், சக்கரச் சின்னத்தைத் தொட்டு, ரேட்டிங்கில் 1000, 1200 இரண்டை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிட்டேன். பட்டியல் மாறியது. கீழே கிடந்த பிஷப் சி4 மேலே ஏறி வந்து நின்றது. அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவன் கோர்ஸ்ல இது எங்க மேடம் இருக்கு?" என்று கேட்டார். ஒரு மூலையில் இருந்தது. அதற்குள் பையன் போகவே இல்லை. அவன் மனப்பாடம் செய்த நைடோர்ஃப் நிலை அவனுடைய ஆட்டங்களில் பலகைக்கு வருவதே அபூர்வம்.

அன்று நாங்கள் செய்தது சின்ன வேலை. பிஷப் சி4 வந்தால் ஈ6 வை. அந்த பிஷப் இப்போது ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அடுத்து டி5 தள்ள நேரம் பார். தள்ளும்போது பிஷப்புக்கே அடி விழும், வெள்ளை மறுபடி ஒரு மூவ் செலவு பண்ணி அதை நகர்த்தணும். இவ்வளவுதான் சொன்னேன். கோர்ஸ் பல பாடங்களில் தராத பலனை இது தந்தது. கோர்ஸ் எழுதியவரிடம் தப்பில்லை. அவர் வேறொரு ரேட்டிங்கில் இருப்பவருக்காக எழுதியிருக்கிறார். அந்த வித்தியாசத்தைக் கண்ணுக்கு நேரே காட்டியதுதான் லிசெஸ் செய்த உதவி.

இந்த வடிகட்டிகளைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. முதலாவது, ரேட்டிங் வடிகட்டி. லிசெஸ்ஸில் புதிதாகச் சேருகிறவர் 1500இல் தொடங்குவார், கணக்கிடும் முறையும் வேறு. ஃபிடேயோ 2024 மார்ச் முதல் தன் குறைந்தபட்ச ரேட்டிங்கையே 1400 ஆக உயர்த்திவிட்டது. எனவே பிள்ளையின் ஃபிடே ரேட்டிங்கை அப்படியே எடுத்து வடிகட்டியில் போடாதீர்கள். லிசெஸ்ஸில் அவளுக்கு என்ன ரேட்டிங்கோ அதையும், அதற்கு ஒரு படி மேலே உள்ளதையும் சேர்த்துப் போடுங்கள். அடுத்த ஆறு மாதத்தில் எதிரே உட்காரப்போகிறவர்கள் அந்தப் படியில்தான் இருப்பார்கள்.

இரண்டாவது, நேர வடிகட்டி. அதே சக்கரச் சின்னத்துக்குள் ஆட்டத்துக்குத் தரும் நேரத்தைப் பொறுத்து, மிக வேகமானதிலிருந்து நிதானமானதுவரை புல்லட், பிளிட்ஸ், ரேபிட், கிளாசிக்கல் என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். புல்லட்டையும் பிளிட்ஸையும் எடுத்துவிடுங்கள். ஒரு நிமிட ஆட்டத்தில் மக்கள் கை போன போக்கில் ஆடுவார்கள். உங்கள் பிள்ளை நேரில் ஆடப்போவது அரை மணிநேரமோ ஒன்றரை மணிநேரமோ கொடுக்கிற போட்டியில். ரேபிட், கிளாசிக்கல் இரண்டை மட்டும் வைத்துப் பார்த்தால்தான் கிடைக்கும் படம் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

ரேட்டிங் வடிகட்டி ஒரு பக்கம் கண்ணைத் திறக்கும், மறுபக்கம் ஏமாற்றவும் செய்யும். எங்லண்ட் கேம்பிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை டி4 வைத்ததுமே கருப்பு ஈ5 என்று சிப்பாயைக் கொடுப்பது. குறுங்காணொளிகளில் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு இதன்மேல் அப்படி ஓர் ஆசை. சிப்பாய் வெட்டு, குதிரை சி6, குதிரை எஃப்3, ராணி ஈ7, பிஷப் எஃப்4, ராணி பி4 செக், பிஷப் டி2, ராணி பி2 சிப்பாயை வெட்டும். இப்போது வெள்ளை "ராணியை மாட்டிவிட்டேன்" என்று நினைத்து பிஷப்பை சி3க்கு வைத்தால் கதை முடிந்தது. கருப்பு பிஷப் பி4க்கு வரும். வெள்ளை ராணி டி2க்கு வந்து தடுக்கும். பிஷப் சி3இல் வெட்டும், ராணி திரும்ப வெட்டும், கருப்பு ராணி சி1க்கு இறங்கி மேட். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

குறைந்த ரேட்டிங் வடிகட்டியில் இதைத் தேடினால் விழுகிறவர்கள் நிறையப் பேர் தெரிவார்கள், கருப்பின் பட்டை நீளமாக இருக்கும். பிள்ளை உடனே "மிஸ், இது நல்லா ஜெயிக்குது" என்பாள். அந்த இடத்தில் ரேட்டிங்கை ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிக் காட்டுவேன். மேலே போகப்போக வெள்ளை பிஷப் சி3 விட்டுவிட்டு குதிரை சி3 ஆடத் தொடங்கும். அடுத்து யானை பி1. கருப்பு ராணி ஏ3க்கு ஓடணும். அந்த நேரத்தில் வெள்ளைக்குக் காய்களெல்லாம் வெளியே, கருப்புக்கு ராணி மட்டும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு ஓப்பனிங் இன்று எத்தனை ஆட்டம் ஜெயித்துக்கொடுக்கும் என்பதைவிட, ஒரு வருஷம் கழித்தும் அது கையில் இருக்குமா என்பதைப் பார்க்கணும். அதற்கு இந்த ஏணியைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை. வீட்டிலேயே செய்து பாருங்கள். எந்த ஓப்பனிங்காக இருந்தாலும் 1000, 1400, 1800, 2200 என்று நான்கு இடத்தில் நிறுத்திப் பட்டையைக் கவனியுங்கள். ஏறத்தாழ ஒரே மாதிரி நிற்கிற ஓப்பனிங் பிள்ளையோடு வளரும். படி ஏற ஏறச் சரிகிற ஓப்பனிங்கை அவள் பாதியில் கைவிட வேண்டியிருக்கும்.

மூன்றாவது பிரிவுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் பிள்ளையின் பயனர்பெயரைப் போட்டு, வெள்ளையா கருப்பா என்று சொன்னால், அவள் அந்தத் தளத்தில் ஆடிய ஆட்டங்களை மட்டும் மரமாக விரித்துக் காட்டும்.

ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பொண்ணு ஈ4க்கு எதிராகக் காரோ கான் என்ற ஓப்பனிங் ஆடுவாள். ரேட்டிங் ஏறாமல் நின்றுவிட்டது. அம்மா வந்து, "இந்த ஓப்பனிங் இவளுக்கு ஒத்துவரலை மேடம், பிரெஞ்சு ஓப்பனிங்குக்கு மாத்திடலாமா?" என்று கேட்டார். மாற்றுவதற்கு முன் பார்த்துவிடுவோம் என்று அவள் பெயரைப் போட்டு, கருப்பைத் தேர்ந்தெடுத்தேன். ஈ4, சி6, டி4, டி5. இங்கே வெள்ளை டி5இல் வெட்டும் ஆட்டங்களில் அவள் நன்றாகவே ஆடியிருக்கிறாள். குதிரை சி3 வருகிற ஆட்டங்களிலும் பரவாயில்லை. ஈ5 என்று சிப்பாயைத் தள்ளுகிற ஆட்டங்களில்தான் பட்டை வெள்ளை வெளேரென்று நின்றது. உள்ளே போனால், அவள் ஏறக்குறைய எப்போதும் ஈ6 ஆடியிருக்கிறாள். காரோ கானில் அந்த இடத்தில் பிஷப்பை எஃப்5க்கு வெளியே விட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் ஈ6 என்று கதவைச் சாத்தணும். முதலிலேயே சாத்திவிட்டால் சி8 பிஷப் உள்ளேயே அடைபட்டுப்போகும். கிட்டத்தட்ட பிரெஞ்சு ஆட்டம்தான், ஆனால் அதைவிட மோசம். பிரெஞ்சில் சி5 ஒரே மூவில் போகும். இவள் சி6 வைத்துவிட்டதால் இன்னொரு மூவ் செலவழித்துத்தான் சி5க்குப் போகணும்.

"ஏம்மா, பிஷப்பை ஏன் வெளிய விடலை?" என்று கேட்டேன்.

"விட்டா மாட்டிக்குது மிஸ்."

எந்த ஆட்டத்தில் மாட்டியது என்று அந்த மரத்திலேயே தேடினோம். கிடைத்தது. பிஷப் எஃப்5 ஆடியிருக்கிறாள், வெள்ளை எச்4 தள்ளியிருக்கிறது. இவள் வழக்கம்போல் ஈ6. ஜி4, பிஷப் ஈ4க்குப் போகிறது. எஃப்3, பிஷப் ஜி6க்குத் திரும்புகிறது. எச்5. பிஷப்புக்குப் போக இடமே இல்லை. அன்றிலிருந்து பயந்துபோய் பிஷப்பை வெளியே விடுவதையே நிறுத்திவிட்டாள். எச்4 வந்தால் நாமும் எச்5 வைத்துவிட்டால் இந்த வலை விழவே விழாது. மாஸ்டர்ஸ் பிரிவுக்கு மாறிக் காட்டினேன். பெரிய ஆட்டக்காரர்களும் அதே எச்5ஐத்தான் ஆடுகிறார்கள். அந்தப் பொண்ணு முகம் மலர்ந்துபோய், "அப்ப பிஷப்பை விடலாமா மிஸ்?" என்றாள்.

ஓப்பனிங்கை மாற்றவில்லை. ஒரு மூவ் மாறியது. தோல்விக்கு ஓப்பனிங் காரணம் என்று நினைக்கும் இடங்களில் பெரும்பாலும் ஒரே ஒரு கிளைதான் பழுதாக இருக்கிறது. அது எந்தக் கிளை என்று தெரியாமல் மரத்தையே வெட்டிவிட்டுப் புதிதாக நடுகிறோம். பிள்ளையும் முதலிலிருந்து தொடங்குகிறாள். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓப்பனிங் மாற்றச் சொல்லும் பெற்றோரிடம் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசிவிடுவதற்கு இதுதான் காரணம்.

இந்த மூன்றாவது பிரிவுக்கு ஒரு குறை உண்டு. லிசெஸ்ஸில் ஆடிய ஆட்டங்களை மட்டுமே அது எடுத்துக்கொள்ளும். நேரில் ஆடிய போட்டி ஆட்டங்கள், பிள்ளை கையால் எழுதிய ஸ்கோர் ஷீட்டில் இருப்பவை, அதில் தெரியாது. அவற்றை நாமே தட்டச்சு செய்து லிசெஸ்ஸின் ஸ்டடி என்ற குறிப்பேட்டுப் பகுதியில் ஏற்ற வேண்டும். நான் இதைப் பிள்ளைகளையே செய்யச் சொல்கிறேன். தன் கையெழுத்தைத் தானே படித்து மறுபடி காய் நகர்த்தும்போது, எந்த இடத்தில் கை நடுங்கியது என்று அவர்களுக்கே ஞாபகம் வரும். இன்னொன்று, உங்கள் பிள்ளையின் பெயரை நீங்கள் போட்டுப் பார்ப்பதுபோல எதிராளியின் பயிற்சியாளரும் போட்டுப் பார்க்கலாம். எல்லா ஆட்டமும் எல்லோருக்கும் தெரியும். மாவட்ட அளவில் பிள்ளைகள் ஒருவர் பெயரை ஒருவர் அறிந்துவைத்திருக்கிறார்கள். பயனர்பெயரில் பிள்ளையின் முழுப்பெயரையும் ஊரையும் சேர்க்காமல் இருப்பது பாதுகாப்புக்கும் நல்லது.

தேர்ந்தெடுத்த ஓப்பனிங்கை எழுதிவைக்கும் இடம் ஸ்டடி. ஒரு ஸ்டடிக்குள் 64 அத்தியாயம்வரை போடலாம். ஒவ்வொரு மூவுக்கும் பக்கத்தில் தமிழிலேயே குறிப்பு எழுதலாம், பலகையில் அம்புக்குறி வரையலாம், பிள்ளையை உள்ளே சேர்த்து இருவரும் ஒரே பலகையைப் பார்க்கலாம். நான் பிள்ளைக்கு மூன்றே அத்தியாயத்தில்தான் தொடங்குவேன். வெள்ளைக்கு ஒன்று, ஈ4க்கு எதிராக ஒன்று, டி4க்கு எதிராக ஒன்று. ஒவ்வொரு மூவுக்கும் "ஏன்" என்று பிள்ளை தன் வார்த்தையில் ஒரு வரி எழுதணும். எழுத முடியாத மூவ் அத்தியாயத்தில் இருக்கக்கூடாது. அடுத்த மூவ்களை மறைத்துவைத்து ஒவ்வொன்றாகக் கேட்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. மனப்பாடம் வந்துவிட்டதா என்று பார்க்க அது போதும்.

என்ன ஓப்பனிங் என்று கேட்கிறவர்களுக்கு என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் இதில் ஓர் அபிப்பிராயம் இருக்கும். வெள்ளையில் ஈ4, அதிலும் இத்தாலியன். பிஷப் சி4, பிறகு சி3, டி3, காஸ்லிங், நிதானமாக ஆடும் முறை. காய்களை வெளியே எடுப்பது, நடுவைப் பிடிப்பது, ராஜாவைப் பத்திரப்படுத்துவது என்று நான் முதல் மாதத்தில் சொல்லிக்கொடுத்த எல்லாமே அதில் நடக்கும். கருப்பில் ஈ4க்கு ஈ5, டி4க்கு டி5. ஈ5 ஆடும் பிள்ளைக்கு ஒரு ஆபத்தைக் கட்டாயம் சொல்லித்தரணும். குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் சி4, குதிரை எஃப்6 ஆனதும் வெள்ளைக் குதிரை ஜி5க்குப் பாயும். டி5, சிப்பாய் வெட்டு. இங்கே குதிரையால் திரும்ப வெட்டினால் வெள்ளைக் குதிரை எஃப்7இல் விழுந்து ராஜாவை நடுப்பலகைக்கு இழுத்துவிடும். குதிரை ஏ5 என்று பிஷப்பை அடிக்கணும். பிஷப் பி5இல் செக் கொடுக்கும், சி6. ஒரு சிப்பாய் போகும், பதிலுக்குக் கருப்புக் காய்கள் சுறுசுறுப்பாக வெளியே வரும். எக்ஸ்ப்ளோரரில் இந்த நிலையை வைத்துக் குறைந்த ரேட்டிங்கில் தேடிப்பாருங்கள். குதிரையால் திரும்ப வெட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே காண்பீர்கள். அந்த ஒரு மூவைத் தெரிந்துகொண்டாலே ஈ5 தைரியமாக ஆடலாம்.

லண்டன் சிஸ்டம் பற்றியும் கேட்பார்கள். டி4, பிஷப் எஃப்4, ஈ3, சி3 என்று எதிரே யார் என்ன ஆடினாலும் ஒரே வடிவம். அதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. 2023 உலக சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டத்தில் சீனாவின் டிங் லிரன் ரஷ்யாவின் நெபோம்நியாஷியை அதில்தான் வென்றார். ஆனால் டிங்குக்கு வேறு பத்து வகை நிலைகளும் தெரியும். எட்டு வயதில் லண்டனைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு அந்த ஒரு நிலைதான் தெரியும். கருப்பு சி5 தள்ளி, ராணியை பி6க்குக் கொண்டுவந்து பி2 சிப்பாயைத் தொட்டதும் விழிக்கிறாள். இத்தாலியனில் ஒரு வருஷம் அடிபட்ட பிறகு லண்டனுக்கு வந்தால் நல்லது.

இனி, லிசெஸ் எங்கே போதாது என்று சொல்ல வேண்டும். எக்ஸ்ப்ளோரர் "என்ன" என்று சொல்லும், "ஏன்" என்று ஒருபோதும் சொல்லாது. எச்4க்கு எச்5 என்று காட்டும். பிஷப் மாட்டும் என்பதை யாராவது உட்கார்ந்து நகர்த்திக் காட்டணும். வீட்டில் செஸ் தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் எண்களைப் பார்த்துத் தவறான முடிவுக்கு வர வாய்ப்பு இருக்கிறது. குறிப்பாக நாலைந்து ஆட்டம் மட்டுமே உள்ள மூவில் நூறு சதவீத வெற்றி என்று காட்டினால் அதற்கு அர்த்தமே இல்லை. ஆட்டங்களின் எண்ணிக்கையை முதலில் பாருங்கள், பட்டையை அப்புறம்.

பலகையின் மேலேயே, சிறந்த மூவைக் கணக்கிட்டுச் சொல்லும் ஸ்டாக்ஃபிஷ் என்ஜினுக்கு ஒரு பொத்தான் இருப்பது பிள்ளைகளுக்கு நல்லதில்லை என்பது என் உறுதியான கருத்து. அதைப் போட்டுவிட்டால் யோசிப்பது நின்றுவிடும். யார் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று என்ஜின் தரும் எண்ணை வைத்து பிளஸ் 0.3, மைனஸ் 0.2 என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். 1300 ரேட்டிங்கில் 0.3க்கு ஒரு பொருளும் இல்லை. குகேஷ் சிறுவயதில் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவிடம் கற்றபோது, 2500ஐத் தொடும்வரை என்ஜின் இல்லாமலேயே வளர்ந்தார் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. 2500வரை அவருக்குத் தேவைப்படவில்லை என்றால் நம் பிள்ளைக்கு ஓப்பனிங் தேர்வு செய்யவும் தேவையில்லை. பிள்ளை பலகைமுன் உட்காரும்போது அந்தப் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறை, படித்ததை மறக்காமல் வைத்திருக்க உதவும் அட்டவணை லிசெஸ்ஸில் இல்லை. இன்று படித்த வரிசையை மூன்று நாள் கழித்து, பத்து நாள் கழித்து என்று தானே நினைவூட்டிக் கேட்கும் ஏற்பாடு வேண்டுமென்றால் செஸ்ஸபிள் என்ற தளம் நல்லது. அதன் பயிற்சி முறையே அந்த இடைவெளி நினைவூட்டலில்தான் கட்டப்பட்டிருக்கிறது. காசு கேட்கும் பெரிய கோர்ஸ்களோடு இலவசக் குறுங்கோர்ஸ்களும் அங்கே உண்டு. என் யோசனை, ஓப்பனிங்கை லிசெஸ்ஸில் தேர்ந்தெடுங்கள், சில மாதம் ஆடிப்பாருங்கள், பிள்ளைக்கு அந்த நிலைகள் பிடித்திருக்கின்றன என்று உறுதியான பிறகு இலவசக் குறுங்கோர்ஸில் தொடங்குங்கள். பெரிய கோர்ஸுக்கு 1800 தாண்டியபின் போகலாம்.

எவ்வளவு நேரம் ஓப்பனிங்குக்கு ஒதுக்கலாம் என்றும் கேட்பார்கள். வாரத்தில் பயிற்சிக்கு ஐந்து மணிநேரம் கிடைத்தால் ஒரு மணிநேரம் போதும். மீதி புதிர், எண்ட்கேம் (காய்கள் குறைந்தபின் வரும் கடைசிக் கட்டம்), தோற்ற ஆட்டத்தை அலசுவது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆன அந்த 14ஆவது ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். தலைமுடி பிய்த்துத் தயாரித்துவந்த ஓப்பனிங்கெல்லாம் முடிந்து, டிரா என்று உலகமே நினைத்த எண்ட்கேமில், 55ஆவது மூவில் எதிரே ஆடிய டிங் யானையை எஃப்2க்கு வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன, பிஷப்களும் வெட்டுப்பட்டால் சிப்பாய் எண்ட்கேம் குகேஷுக்கு வெற்றி. அதைக் கணக்குப் போடத் தெரிந்த பதினெட்டு வயதுப் பையன் பட்டத்தை எடுத்துக்கொண்டான். இந்த ஆட்டத்தை என் வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் காட்டுகிறேன்.

நடைமுறைக்குச் சில வார்த்தை. கைபேசியிலும் எக்ஸ்ப்ளோரர் வரும், ஆனால் பலகையும் பட்டியலும் ஒன்றாகத் தெரிய மடிக்கணினிதான் வசதி. வீட்டில் கணினி இல்லையென்றால் கைபேசியைப் படுக்கவைத்து, பக்கத்தில் நிஜப் பலகையில் காய் வைத்துப் பாருங்கள். அது இன்னும் நல்ல பயிற்சி. சின்னப் பிள்ளைகளின் கணக்கில் குழந்தைகள் முறை என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் முகம் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. பயிற்சியாளர்களுக்கு வகுப்பு என்றே தனி வசதி உண்டு. மின்னஞ்சல் இல்லாத பிள்ளைகளுக்கும் நாமே கணக்கு உருவாக்கிக் கொடுக்கலாம். ஓப்பனிங் வாரியாகப் புதிர் தருகிற பக்கமும் ஒன்று இருக்கிறது. காரோ கான் ஆடும் பிள்ளைக்குக் காரோ கானிலிருந்து வந்த புதிர்களையே கொடுக்கலாம். ஓப்பனிங்கும் கணக்கிடுதலும் ஒரே நேரத்தில் வளர இது நல்ல வழி.

கட்டணம் எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு இது தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் முடிந்ததை நன்கொடையாக அனுப்பலாம். நான் அனுப்புகிறேன். ஓப்பனிங் தேர்வுக்கு மட்டும் என்று கேட்டால் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரையைப் பிடித்துவைப்பது என்ஜின் பொத்தானுக்காக.